அப்பாவின் பாட்டைக் கெடுத்துப் பாடிய நாள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்க்கரைக்கு யார் என்ன மாத்திரை, மூட்டுக்கு யார் என்ன தைலம் என்று விசாரித்துக்கொள்கிற நம் பின்பெஞ்சுக் கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் நம்மில் ஒருத்தி, "ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. எனக்குத் துளிகூடப் பயமில்ல, கர்த்தர் பாத்துக்கிடுவார்" என்றாள். சொல்லும்போது கைப்பையின் வார் அவள் விரலில் நாலு சுற்று சுற்றியிருந்தது. நாம் எல்லோரும் "ஆமென்" என்றோம். எனக்கோ அந்த வாரைப் பார்த்ததும் பொன்முடி ஞாபகம் வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதிவிடுகிறேன். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்!

எழுபதுகளின் நடுவில் ஒரு இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலம் அது. எனக்கு ஒன்பது வயது. பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்கடியில் வரிசையாக ஆறு வீடு. வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. முதல் வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து "யாருக்குட்டி சளி?" என்று குரல் வரும். ஆறு குடும்பமும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்த கிறிஸ்தவர்கள். அம்மா கொழுந்து கிள்ளினாள். அப்பாவுக்குத் தோட்டத்து ஃபாக்டரியில் இலையை வாட்டும் மாடியில் வேலை. அவர் சட்டையை மோந்தாலே வாடின பச்சிலை மணக்கும். பக்கத்து வீட்டில் அம்மாவின் தங்கை, என் சித்தி. சித்தப்பா லாரியோடு கீழே இறங்கினால் வாரம் கழித்துத்தான் முகம் காட்டுவார். "எம் புருசன் வீட்டவிட அந்த லாரியிலதான் அதிகம் தங்குதாரு" என்பாள் சித்தி. அவள் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கி வைத்துத்தான் நான் பேசவே கற்றுக்கொண்டேன்.

அந்த மழையை எப்படிச் சொல்ல? இன்றைய பிள்ளைகள் ஃபோனைப் பார்த்து மழை என்று சொல்கிறார்கள். எங்களுக்கு மழை என்பது ஒரு வாசனை. அடுப்புக்கு மேலே கொடியில் தொங்குகிற கம்பிளிகள் காயாமல் ஆட்டுக்கிடை போல நாறும். வெளியே போகிறவர்கள் காலில் அட்டை ஏறாமலிருக்க உப்பும் புகையிலைத் தூளும் கட்டின துணிமுடிச்சு ஒன்று வைத்திருப்பார்கள். தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் கத்தவேண்டும். அதனால் எங்கள் லயத்தில் பிறந்த யாருக்கும் மெல்லப் பேச வராது. நீங்கள் என்னைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஜெபக்கூட்டத்தில் டோலக் வாசிப்பார். தோட்டத்தில் தேவாலயம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்டர் ஷெட்டைத் தருவார்கள். மற்ற நாட்களில் வேலைக்கு ஆள் பேர் கூப்பிடுகிற ஷெட் அது. லயத்துக்கு எதிரே, நடுவில் ஒரு பள்ளம் தாண்டி, பாறை மேட்டில் இருந்தது. மாதம் ஒருமுறை அடிவாரத்து விதுரையிலிருந்து பிரசங்கம் பண்ண உபதேசியார் பஸ்ஸில் வருவார். மற்ற வாரங்களில் பாட்டும் ஜெபமும், கர்த்தர் செய்ததை எழுந்து நின்று சொல்கிற சாட்சியும் நாங்களே. அப்பா சொந்தமாக ஒரு பாட்டும் கட்டியிருந்தார். "கூரையில்லா மலையிலும் கூரையான ராஜாவே" என்று தொடங்கும். மூன்று தட்டு, பிறகு சட்டென்று நிறுத்துகிற ஒரு வெட்டு, அதுதான் தாளம். அந்த வெட்டு விழும் இடத்தில் அப்பாவின் புருவம் தானாக மேலே போகும். ஒருவர் பிந்திவிட்டாலும் பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். "அத்தானுக்குக் கர்த்தருக்கு அடுத்தபடி தாளம்" என்று சித்தி சொல்வாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, "அடுத்தபடியான்னு எனக்குச் சந்தேகந்தான்" என்பாள்.

இனிக் கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை புயல் அடித்தது. தோட்டத்தின் மறுபக்கம் இருந்த மேல் லயத்தில் பாதித் தகரம் பறந்துபோயிற்று. எங்கள் கூரையில் ஒரு ஆணி அசையவில்லை. மறுநாள் ஜெபக்கூட்டத்தில் அப்பா சாட்சி சொல்ல எழுந்தார். "இந்த மலையே பெயர்ந்து வந்தாலும் நான் என் வீட்டுப் படிய விட்டு இறங்கமாட்டேன். என் தேவன் எப்படிப்பட்டவர்னு எல்லாரும் பாக்கட்டும்!" என்றார். ஷெட் முழுக்க "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" நானும் கத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பெருமையில்.

சாட்சி என்பது நம் ஜனத்தில் எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் சொன்னதை மாற்றலாம், கடைவீதியில் சொன்னதை மாற்றலாம். சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னதை மாற்றினால் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

புயலுக்குப் பிறகு மழை விடவேயில்லை. தோட்டத்தில் வேலையை நிறுத்திவைத்தார்கள். கீழே வளைவில் மண் விழுந்து பஸ்ஸும் நின்றுபோயிற்று. திங்கட்கிழமை சூப்பர்வைசர் சார் குடையோடு வந்தார், மலையாளி, நல்ல மனுஷன். வாசலில் நின்று, "சேட்டா, மேல மண்ணு முழுவனும் நனஞ்சு கெடக்கு. எல்லாரும் மஸ்டர் ஷெட்டுக்கு மாறணும், கேட்டோ" என்றார்.

அப்பா சிரித்தார். "மலைய உண்டாக்கினவரு நம்ம பக்கம் இருக்காரு சாரே."

"அவரு தன்னே அல்லே மழையும் உண்டாக்கினது?" என்று சொல்லிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். ஆறு வீட்டில் ஒருவரும் அசையவில்லை. டோலக்காரரே இருக்கிறார், நாம் எதற்குப் போகவேண்டும் என்ற எண்ணம்.

செவ்வாய்க்கிழமை காலையில் நானும் அம்மாவும் தண்ணீருக்குப் போனோம். லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் பாதியாகப் பிளந்த மூங்கிலைச் செருகி ஊற்றுநீரை வடியவிட்டிருந்தார்கள். எந்த மழைக்கும் கலங்காத தண்ணீர் அது. அன்று குடத்தில் விழுந்தது செக்கச்செவேல் என்றிருந்தது. அம்மா அதைக் கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்தாள். மண் நறநறத்தது. நிமிர்ந்து சரிவைப் பார்த்தாள். யூகலிப்டஸ் மரங்கள் நாலைந்து, கூப்பிட்டதுபோல, எங்கள் லயத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தன. அம்மா குடத்தைக் கவிழ்த்தாள். "நடட்டி" என்றாள், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் டோலக்கை அடுப்பு அனலில் காட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் தோல் தளர்ந்துபோகும், அனல் பட்டால்தான் இறுகும். திரும்பிப் பாராமல், "நான் சபைக்கு முன்னால சொன்ன சொல்லாக்கும்" என்றார்.

அம்மா வாதாடவில்லை. தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அன்று அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எழுந்து நின்று கை தட்டத் தோன்றுகிறது!

"மூணு நாள் உபவாச ஜெபம். மஸ்டர் ஷெட்டுல. கைக்கொழந்தை முதல் எல்லாரும் வரணும். பாய், போர்வை, கஞ்சிக்கலம், துணிமணி, எல்லாம் எடுத்துக்கிடணும்."

சித்தி இடுப்பில் கை வைத்தாள். "உபவாசத்துக்கு எதுக்குக்கா கஞ்சிக்கலம்?"

"பிள்ளைகளுக்குட்டி."

"பாயி?"

"முழங்கால் போட்டா வலிக்கும்லா?"

"அப்போ என் கோழி?"

"அதும் வந்து ஜெபிக்கட்டும்."

சித்தி ஒரு நிமிஷம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் கோழியைப் பிடிக்க ஓடினாள். உபவாச ஜெபத்துக்குக் கூப்பிட்டால் நம் ஜனத்தில் யார் மாட்டேன் என்பார்கள்? அது பயம் ஆகாதே, பக்தி அல்லவா? மதியத்துக்குள் ஆறு வீடும் காலி! பள்ளத்து ஒற்றையடிப் பாதையில் தலையில் பாய், கையில் பிள்ளை, கக்கத்தில் கோழி என்று ஒரு ஊர்வலம். கிறிஸ்துமஸ் மாதிரி இருந்தது எங்களுக்கு. நான் இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன், இரண்டு தரமும் சிரித்தேன்.

அப்பா மட்டும் வரவில்லை. வாசலில் நின்றபடி, "நீ நடத்துகது ஜெபம் இல்ல, ஓட்டம்" என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்போ நீங்க இஞ்ச நடத்துகது ஜெபமா?" என்றுமட்டும் கேட்டாள். என் சின்னத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஷெட்டில் அன்று முழுவதும் ஜெபமும் பாட்டும். அம்மாவின் கண் எதிர்மேட்டைவிட்டு நகரவில்லை. மூடுபனி விலகும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் புகை தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் ஒரு மூச்சு விடுவாள். அந்தச் சரிவு பெயர்ந்தால் அதனடியில் ஒரே ஒரு ஆள் இருப்பார், அது என் அப்பா. அது எனக்குப் புரிந்ததும் விளையாட்டு நின்றுபோயிற்று.

புதன்கிழமை காலை யாருக்கும் சொல்லாமல் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறி வீட்டுக்கு ஓடினேன். அப்பா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். கஞ்சியை வாங்கினார், குடிக்கவில்லை. எதிர்மேட்டிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

"அங்க யாரு தாளம் போடுதா?"

"சித்தி. டின்மூடியில."

அப்பா பல்லில் கல் கடிபட்டவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். "வெட்டு எங்க விழணும், எங்க விழுது… போ, போ. இஞ்ச நிக்காத. ஓடு!" என்று என்னை வாசலுக்குத் தள்ளினார். தள்ளின கை நடுங்கியது. அவருக்குக் கோபம் என்று நான் நினைத்தேன். ஒன்பது வயதில் பெரியவர்கள் கை நடுங்கினால் கோபம் என்றுதானே நினைப்போம்?

திரும்பி வந்ததும் அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன். அடி என்றால் அடி! அழுதுகொண்டே, "அப்பா பாட்டத்தான் கேட்டுட்டு இருக்காரு. சித்தி தாளம் சரியில்லன்னு சொன்னாரு" என்றேன். அம்மாவின் அடுத்த அடி பாதியில் நின்றது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

"கேக்குதா அங்க?"

"நல்லா கேக்குதும்மா."

அம்மா பெண்களையெல்லாம் கூட்டினாள். "அவுக கட்டின பாட்டப் பாடுங்க. சரியாப் பாடக்கூடாது. வெட்டே விழக்கூடாது. இழுக்கணும்."

சரியான பாட்டைத் தப்பாகப் பாடிப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு கஷ்டம் தெரியுமா! வருஷக்கணக்காக அப்பா அடித்துப் பழக்கிய தாளம், நாக்கு தானாகவே சரியான இடத்தில் போய் நிற்கிறது. முதல் தடவை ஒழுங்காகவே பாடிவிட்டோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாளும் ஒழுங்கா வராதவளுக்கும் இன்னைக்குப் பாத்து வருதே!" பிறகு சித்தி முன்னால் வந்தாள். டின்மூடியில் நினைத்த இடத்தில் போட்டாள் ஒரு போடு. "கூரையில்லா" என்பதை மலையடிவாரம் வரை இழுத்தாள். "ராஜாவே" என்பதில் தும்மல் மாதிரி ஒரு வெட்டு. நாங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பசித்த வயிற்றோடு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, இருபது பேர் ஒரு நல்ல பாட்டைக் கொன்றோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதிர்மேட்டைப் பார்த்தபடி, "இன்னொரு தடவ" என்றாள். "இன்னொரு தடவ."

நாலாவது தடவையில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கம்பிளி வெளியே வந்தது! கம்பிளிக்குள் அப்பா. நெஞ்சோடு சாக்கில் சுற்றின டோலக்.

"நிறுத்துங்கட்டி! பாட்டையா பாடுதிய? பாட்டக் கொல்லுதிய!"

"நீங்க இல்லாம வரமாட்டேங்குது அத்தான்" என்றாள் சித்தி, பச்சைப்பிள்ளை முகத்தோடு.

"தோலு தளர்ந்து கெடக்கு. அனல் வேணும்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் ஒரு டின் நிறையக் கனல் அவர் முன்னால் வந்தது. டோலக்கைக் காய்ச்சினார், தட்டிப் பார்த்தார், தொடங்கினார். மூன்று தட்டு, ஒரு வெட்டு. நாங்கள் பாடினோம் பாருங்கள், அப்படி ஒருநாளும் பாடினதில்லை. அவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "ரெண்டாம் சரணம் இன்னும் சரியாகல" என்பாள். ரெண்டாம் சரணத்தை ஒன்பது தடவை பாடியிருப்போம்.

அப்புறம் வந்தது சோதனை. மதியத்துக்கு மேல் மழை விட்டது. விட்டது மட்டுமா, வெயில் அடித்தது! எத்தனை நாளைக்குப் பிறகு! தேயிலைப் பாத்தியெல்லாம் மின்னியது. எல்லோரும் வெளியே ஓடினோம். "ஜெபம் கேட்டாச்சு, வீட்டுக்குப் போவோம்" என்று ஒருத்தி பாயைச் சுருட்டத் தொடங்கினாள். அவளைப் பார்த்து எல்லோரும் சுருட்டினார்கள். அப்பா டோலக்கைச் சாக்கில் சுற்றினார். "பாத்தியளா, ஒரு தூசி விழுந்துதா? நான் சொன்னேம்லா?" என்றார். அம்மாவின் கையில் வேறு ஒரு தந்திரமும் மிச்சமில்லை. எதிரே லயம் வெயிலில் ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது.

அப்பா பாதையில் கால் வைத்தார். அம்மா போய்க் குறுக்கே நின்றாள்.

"நீங்க சபைக்கு முன்னால சொன்ன சொல்ல மாத்தமாட்டிய. சரி. எனக்கும் ஒரு சொல்லு சொன்னிய. கல்யாணத்தன்னைக்கு. சாவு பிரிக்கிற வரைக்கும் என்னக் காப்பாத்துவேன்னு. அதுவும் சபைக்கு முன்னாலதான். அத எப்ப மாத்தினிய?"

சித்தியின் கோழி மட்டும் கொக்கரித்தது.

"நீங்க அங்க போனா நானும் வருவேன். நான் வந்தா பிள்ளைகளும் வரும். சொல்லுங்க, எந்தச் சொல்லு?"

அப்பா டோலக்கை மெல்லக் கீழே வைத்து, அதன் பக்கத்திலேயே ஈரத்தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பாயைச் சுருட்டினவர்கள் ஒவ்வொருவராக விரித்தார்கள். ஒருவர் உட்கார்ந்ததில் ஆறு குடும்பம் உட்கார்ந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். முதலில் வந்தது மணம். யாரோ பெரிய வயலைப் புதிதாக உழுததுபோல மண்மணம், அதோடு நசுங்கின யூகலிப்டஸ் இலை மணம். அப்புறம்தான் சத்தம். இடி மாதிரி இல்லை. ஆயிரம் மூட்டையை லாரியிலிருந்து மெதுவாகச் சாய்த்ததுபோல. சாய்ந்து நின்ற மரங்கள் நின்றவாக்கிலேயே நடந்து வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், நடந்து வந்தன! லயத்தின் தகரக்கூரை ஒரு காகிதம் மாதிரி மடிந்தது. எங்கள் வீடும் சித்தி வீடும் இன்னும் இரண்டு வீடும் இல்லாமல் போயின. கடைசி இரண்டு வீட்டின் சுவர் மட்டும் நின்றது. ஒரு உயிருக்குச் சேதமில்லை. ஒருத்தருக்கு ஒரு கீறல் இல்லை.

ஷெட்டே "ஸ்தோத்திரம்" என்று அலறியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக. சூப்பர்வைசர் சார் ஓடி வந்து தலைகளை எண்ணினார், எண்ணினார், மறுபடி எண்ணினார். எண்ணி முடித்து, "எண்டே தெய்வமே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அம்மா நடுங்கத் தொடங்கினாள். இரண்டு நாளும் கல் மாதிரி இருந்தவள், பல் தந்தியடிக்க, தோள் குலுங்க, நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில் போய் நின்றார். அத்தனை பேர் முன்னால் அம்மாவின் கையைப் பிடித்தார். எங்கள் லயத்தில் ஒரு புருஷன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"பயந்துட்டேன்" என்றாள் அம்மா.

"நானுந்தான்" என்றார் அப்பா. "திங்கக்கிழமையே, சார் போன பொறவு, மேல போய்ப் பாத்தேன். விரிசல் என் காலு உள்ள போற அகலம்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"தெரிஞ்சா இருந்திய?"

"சொல்லிட்டேனே. எப்படி இறங்க? மத்தவங்களாவது போயிடுவாங்கன்னு பாத்தேன். நான் இருக்கேன்னு அவங்களும் இருந்துட்டாங்க. ஒனக்கு அந்த உபவாசம் மட்டும் தோணலேன்னா…"

எத்தனை வருஷம் கழித்து எனக்கு இது விளங்கியது தெரியுமா? பயந்தால் விசுவாசம் போய்விடும் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அம்மாவோ பயத்தை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் ஓடினாள், ஓடும்போது ஆறு குடும்பத்தையும் ஒரு கோழியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பேரில் யார் நம்பினது? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு அதே ஷெட். பாதை திறந்து உபதேசியாரும் வந்திருந்தார். அப்பா சாட்சி சொல்ல எழுந்ததும் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டோம். அற்புதத்தை விரித்துச் சொல்லப்போகிறார் என்று உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு" என்றார். வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஒரு சாட்சிக்கு என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உபதேசியாரே நாலு பக்கமும் பார்த்தார்.

"ஸ்தோத்திரம்!" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.